செவ்வாய்க்கிழமைச் சத்தம்

ரொஷானியின் கைக்குக் கார்ச் சாவி போகவே கூடாது என்று ஜெராட் தீர்மானம் எடுத்தது ஒரு ஞாயிறு பூசையில். பகிர்ந்து வாழ்வதைப் பற்றி பாதர் பிரசங்கம் வைத்துக்கொண்டிருந்த நேரம் அது. கோயில் முழுக்கத் தலையாட்டியது. ஜெராட்டும் ஆட்டினார். ஆனால் மற்றவர்கள் மேலும் கீழுமாக ஆட்டினார்கள். அவர் இடமும் வலமுமாக ஆட்டினார்.

கார் என்றால் சாதாரணக் கார் இல்லை. சிவப்பு நிற ஸ்போர்ட்ஸ் கார். இரண்டே சீட். கூரையை மடித்து முதுகுப் பக்கம் சொருகிவிடலாம். ஏறுவதற்கு உட்கார வேண்டும். இறங்குவதற்கு ஜெபிக்க வேண்டும். அவ்வளவு தாழ்வு. மாத்தளை பஜாரில் ஸ்டூடியோ வைத்திருக்கும் ஜெராட், கல்யாணப் பெண்ணையும் மாப்பிள்ளையையும் உட்கார வைத்துப் படம் எடுப்பதற்கென்று கொழும்பில் ஒரு பல் டாக்டரிடம் அதை வாங்கியிருந்தார். சனி, ஞாயிறு, முகூர்த்த நாள் என்றால் கார் மாலை போட்டுக்கொண்டு நிற்கும். மற்ற நாளெல்லாம் அலுவிகாரையில் வீட்டு முன்னால் போர்வை போர்த்திக்கொண்டு நிற்கும். பெயருக்குத்தான் ஸ்போர்ட்ஸ் கார், ஓடியதை விட நின்றதுதான் அதிகம்.

ரொஷானி சங்கீத டீச்சர். கோயில் பாடகர் குழுவை நடத்துவதும் அவள்தான். கல்யாணமான புதிதில் ஜெராட்டும் அந்தக் குழுவில் சேர்ந்தார். ஒரே ஒத்திகையில் அவரைப் பின் வரிசைக்கு அனுப்பி, "நீங்க வாயை மட்டும் அசைங்க. சத்தம் வேணாம்," என்று சொல்லிவிட்டாள். அன்றிலிருந்து வீட்டிலும் ஏறக்குறைய அதே ஏற்பாடுதான்.

இந்த வருஷம் எல்கடுவப் பக்கத்துத் தேயிலைத் தோட்டப் பாடசாலை ஒன்றில் செவ்வாயும் வியாழனும் அவளுக்குப் பாட்டு வகுப்பு. அந்தப் பிள்ளைகளை மாகாணப் போட்டிக்குத் தயார்படுத்துகிறாள். பாடசாலை தொடங்கும் முன்பே ஒத்திகை. பஸ்ஸோ தன் இஷ்டத்துக்கு வரும். இறங்கியும் மேட்டில் நடக்க வேண்டும். போய்ச் சேரும்போது டீச்சருக்கு மூச்சு இருக்காது, பிள்ளைகளுக்கு நேரம் இருக்காது.

"என்னங்க, செவ்வாயும் வியாழனும் கார் சும்மாதானே நிக்குது?" என்று சனிக்கிழமை தேத்தண்ணீரோடு கேட்டிருந்தாள்.

"சும்மாவா? ஓய்வு எடுக்குது."

"என்ன வேலை செஞ்சி களைச்சிடுச்சாம்?"

"ஸ்போர்ட்ஸ் கார் ரோஷ். உனக்குக் கஷ்டம்."

"எங்க அப்பாவோட லொறிய எல்கடுவத் தோட்டத்து ரோட்டுல ஓட்டிப் பழகினவ நான். நீங்க அந்த வளைவுல பஸ்ல போறப்பவே கண்ண மூடிக்கிறீங்க."

அது உண்மை. உண்மைக்குப் பதில் சொல்ல முடியாத இடத்தில் ஆண்கள் தீர்மானம் எடுப்பார்கள். மறுநாள் கோயிலில் ஜெராட் எடுத்தது அப்படிப்பட்ட தீர்மானம்.

'முடியாது' என்று நேராகச் சொல்ல அவருக்குத் தைரியம் இல்லை. கார் சொல்ல வேண்டும். கார் எப்படிச் சொல்லும்? சத்தம் போட்டுத்தான்.

பக்கத்து வீடு முஸம்மிலுடையது. கராஜ் வைத்திருப்பவர், ரொஷானி அண்ணன் முறையில் 'நானா' என்று கூப்பிடுபவர். அவருடைய மனைவி கைறுன்னிஸா முற்றத்தில் பாய் விரித்துச் சாதிக்காய் காய வைப்பாள். நன்றாகக் காய்ந்த சாதிக்காயை ஆட்டிப் பார்த்தால் ஓட்டுக்குள் கொட்டை கடகடவென்று ஆடும். ஜெராட் அதில் ஒரு கைப்பிடி எடுத்தார். திருடவில்லை, கேட்காமல் எடுத்தார். அவற்றை ஒரு வெற்று டின்னில் போட்டு, மடித்த கூரை போய் உட்காருகிற பள்ளத்துக்குள் சொருகினார்.

திங்கட்கிழமை பஜாருக்குப் போகும்போது ரொஷானி பக்கத்து சீட்டில். முதல் குழியிலேயே கார் வாயைத் திறந்தது.

"என்னங்க அது?"

"எது?"

"கடகடங்குதே."

ஜெராட் தலையைச் சாய்த்தார். கண்ணைச் சுருக்கினார். நாடி பிடிக்கும் வைத்தியர் மாதிரி ஸ்டியரிங்கை இரண்டு விரலால் தொட்டார்.

"டிஃபரென்ஷல்."

"அப்படின்னா?"

"பின்னால இருக்கிறது."

"யாருக்குப் பின்னால?"

"நமக்குப் பின்னால. பல்லுச் சக்கரம். பல்லு தேஞ்சி ஆட்டங் கண்டிருச்சி."

"பல் டாக்டர் வச்சிருந்த வண்டியில பல்லு ஆடுதா!"

"சிரிக்காத. மேட்டுல ஏறுறப்போ புடுங்கிக்கிச்சின்னா வண்டி அப்படியே பின்னால வந்துரும். நான்னா சமாளிச்சிருவேன். நீ தொடவே கூடாது."

ரொஷானி பஸ் காசை எண்ணிக் கைப்பையில் போட்டாள். செவ்வாயும் பஸ்ஸில் போனாள், வியாழனும் பஸ்ஸில் போனாள். வியாழன் மழை. நனைந்து தொண்டை கட்டி வந்தவளுக்கு ஜெராட் தானே கொத்தமல்லி அவித்துக் கொடுத்தார். பாவமாகத்தான் இருந்தது. ஆனால் ஜன்னல் வழியே பார்த்தபோது போர்வைக்குள் கார் பத்திரமாகத் தூங்கிக்கொண்டிருந்தது. பாவம் கொஞ்சம் குறைந்தது.

சனிக்கிழமை ஒரு கல்யாணம். மாப்பிள்ளை கார் கடகடத்தால் மானம் போய்விடும். காலையிலேயே ஜெராட் டின்னை எடுத்து, சாதிக்காயை எல்லாம் கைறுன்னிஸாவின் பாயில் கொட்டிவிட்டு வந்தார். நேர்மையாளன் என்ற நிறைவு கூட அவருக்கு வந்தது.

ஞாயிறு கோயிலுக்குப் புறப்பட்டார்கள். அலுவிகாரைக் கடைத்தெரு தாண்டி வேகம் பிடித்ததும் ஒரு சத்தம்.

"ஙொய்ய்ய்ய்ங்…"

குடத்துக்குள் வண்டு மாட்டிக்கொண்ட மாதிரி. வேகம் கூடினால் கூடியது. பிரேக்கை மிதித்தால் அடங்கியது. பின்னால் டின் இல்லை. சாதிக்காய் இல்லை. ஆனால் சத்தம் இருக்கிறது.

"டிஃபரென்ஷல் இன்னைக்குப் பாட ஆரம்பிச்சிருச்சிங்க," என்றாள் ரொஷானி.

"இது… இது வேற."

"வேற டிஃபரென்ஷலா?"

"அது வேற சத்தம் ரோஷ். இது நிஜம்."

"அப்ப அது?"

ஜெராட் நாக்கைக் கடித்துக்கொண்டார். "அது… அதுவும் நிஜம். இது அதைவிட நிஜம்."

அன்று பூசையில் அவர் உருக்கமாக ஜெபித்தார். 'ஆண்டவரே, பொய்ச் சத்தம் வைத்தேன், உண்மைச் சத்தத்தைத் தந்துவிட்டீர்.' திங்கட்கிழமை காலையில் கடையைத் திறக்காமல் முஸம்மிலின் கராஜில் போய் நின்றார்.

இரண்டு சீட் கார். ஜெராட் ஓட்ட, முஸம்மில் பக்கத்தில் இருந்து காதைத் தீட்டிக்கொண்டு வந்தார். நாலந்தா பக்கம் போய்த் திரும்பினார்கள். கார் பூனை மாதிரி ஓடியது.

"எங்க மச்சான் சத்தம்?"

"நேத்து வந்திச்சே!"

"நேத்து வந்தத இன்னைக்கு நான் எப்படிப் புடிக்கிற?"

முஸம்மில் காரைத் தூக்கினார். அடியில் படுத்தார். தட்டினார், ஆட்டினார், முகர்ந்தும் பார்த்தார். எழுந்து கையைத் துடைத்தார்.

"வல்லாஹி சொல்றன் மச்சான், வண்டி சொக்கத் தங்கம். பேரிங் நல்லம், டிஃபரென்ஷல் நல்லம். ஒங்கட காதத்தான் ஒரு தரம் டாக்டருக்குக் காட்டிக்கொள்ளணும்."

சாயங்காலம் ரொஷானியைப் பாடகர் குழு ஒத்திகைக்குக் கொண்டுபோனார். கைறுன்னிஸா வீட்டு மதிலைக் கூடத் தாண்டவில்லை, அதற்குள் வந்துவிட்டது.

"ஙொய்ய்ய்ய்ங்…"

ஜெராட் இரவெல்லாம் யோசித்தார். காலையில் தேங்காய்ச் சம்பலோடு பாண் ரொட்டி வந்தபோது கண்டுபிடிப்பை வெளியிட்டார்.

"ரோஷ், ஒண்ணு கவனிச்சியா? முஸம்மில் இருந்தா சத்தம் இல்ல. நான் தனியாப் போனா சத்தம் இல்ல. நீ ஏறினா மட்டுந்தான் வருது."

ரொஷானி சம்பல் கரண்டியைக் கீழே வைத்தாள். "அதாவது?"

"அதாவது… பாரம்…"

"பாரமா?"

"உன் பாரம் இல்ல. பொதுவா, இடது பக்கப் பாரம்."

"இடது பக்கத்துல நாந்தானே இருக்கேன்?"

"முஸம்மிலும் இருந்தாரு! அவரு உன்னவிட…" என்று தொடங்கி, எது சொன்னாலும் ஆபத்து என்று விளங்கி, நிறுத்திக்கொண்டார். நிறுத்தியதும் தாமதம்தான். பாண் தட்டு உள்ளே போய்விட்டது. அன்று ரொஷானி பஸ்ஸில் போனாள். ஜெராட்டுக்குக் காலைக்கும் பகலுக்கும் பஜார் பேக்கரியில் மீன் வைத்த மாலு பனிஸ்தான்.

மறுநாள் அவளே இறங்கி வந்தாள்.

"நான் ஒண்ணு சொல்லட்டுங்களா?"

"சொல்லு ரோஷ், சொல்லு." தட்டில் இடியப்பம் இருந்தது. அவர் எதற்கும் சம்மதிக்கும் நிலையில் இருந்தார்.

"ஓட்டுறவருக்கு எப்படிங்க சத்தம் எங்கேருந்து வருதுன்னு தெரியும்? கண்ணு ரோட்டுல, கை ஸ்டியரிங்குல, காலு பிரேக்குல. காதுக்கு எங்க நேரம்? நீங்க இந்தப் பக்கம் உக்காந்து நல்லாக் காதைக் குடுத்துப் பாருங்க."

"அப்ப யாரு ஓட்டுறது?"

"வேற யாரு இருக்கா? ரெண்டு சீட்தானே."

ஜெராட் இடியப்பத்தை மென்றபடி யோசித்தார். கணக்கு சரியாகத்தான் இருந்தது. அவள் ஏறினால்தான் சத்தம். அவர் காது கொடுத்தால்தான் கண்டுபிடிப்பு. ஆகவே…

"ஒரே ஒரு தரம்," என்றார்.

"ஒரே ஒரு தரம்," என்றாள் அவளும். "வியாழக்கிழமை. மேட்டு ரோட்டுல பார்த்தாத்தான் நல்லாத் தெரியும். எல்கடுவ வரைக்கும்."

வியாழன் காலை ரொஷானி சீட்டை முன்னால் தள்ளி, கண்ணாடியைத் திருத்தி, சிலுவை போட்டுக்கொண்டு கிளப்பினாள். கியர் மாறியது ஜெராட்டுக்குத் தெரியவே இல்லை. அவர் மாற்றும்போது கல்யாணப் பெண்ணின் தலைப்பூ ஆடும். இவள் மாற்றும்போது கார் நன்றி சொல்வது போலிருந்தது. அதுவும் அவருக்குப் பிடிக்கவில்லை.

உக்குவளை தாண்டி மேடு தொடங்கியதும் வந்துவிட்டது. "ஙொய்ய்ய்ய்ங்…"

ஜெராட் கதவில் காதை வைத்தார். சத்தம் நடுவிலிருந்து வந்தது. கியர்ப் பெட்டியில் வைத்தார். மேலேயிருந்து வந்தது. பெல்ட்டைத் தளர்த்திக் குனிந்து, டேஷ்போர்டுக்குக் கீழே தலையை நுழைத்தார். இப்போது எல்லாப் பக்கமும் வந்தது.

"கிடைச்சிச்சா?"

"இரு, இரு, கிட்ட வந்துட்டேன்."

கொழுந்து பறிக்கப் போய்க்கொண்டிருந்த பெண்கள் நின்று பார்த்தார்கள். சிவப்புக் காரை ஒரு டீச்சர் ராணி மாதிரி ஓட்டிப் போகிறாள். பக்கத்து சீட்டில் ஒரு மனிதரின் முதுகு மட்டும் தெரிகிறது. ஒருத்தி சிலுவை போட்டாள்.

பாடசாலைக் கேட்டில் ரொஷானி இறங்கிக்கொள்ள, ஜெராட் காரைத் தானே ஊர்ந்து ஊர்ந்து கீழே இறக்கினார். இறங்கும்போது சத்தம் இல்லை. ஆக, இப்போது மேட்டில் மட்டும் வரும் நோய். இன்னொரு தரம் பார்த்தால்தான் முடிவு சொல்ல முடியும். அடுத்த செவ்வாய் பார்த்தார். வியாழனும் பார்த்தார். 'ஒரே ஒரு தரம்' எப்போது கிழமைக்கு இரண்டு தரம் ஆனது என்று அவருக்கே தெரியவில்லை. கூரையிலும் காது வைத்தார், கண்ணாடியிலும் வைத்தார். தூக்கம் போனது. கனவில் கார் ஒப்பாரி வைத்தது. வருகிற முகூர்த்தங்களுக்கு எல்லாம் கார் தருவதாகச் சொல்லியாகிவிட்டது. நடு ரோட்டில் மணப்பெண்ணோடு நின்றுவிட்டால் ஸ்டூடியோவை மூடிவிட்டு ஊரை விட்டே போக வேண்டியதுதான்.

அதற்கடுத்த செவ்வாய் நல்ல வெயில். கூரையை மடித்துப் போட்டிருந்தார்கள். ஜெராட்டின் தலை வழக்கமான இடத்தில், டேஷ்போர்டுக்குக் கீழே. சத்தம் சுருதி பிசகாமல் ஓடிக்கொண்டிருந்தது. எல்கடுவவுக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு கொண்டை ஊசி வளைவு. மதிலிலிருந்து ஒரு குரங்கு ரோட்டில் குதித்தது.

"அட சனியன் புடிச்ச குரங்கே!" என்று கத்தி, ரொஷானி பிரேக்கை அழுத்தினாள்.

சத்தம் வெட்டினாற்போல் நின்றது.

கார் நின்றதால் நின்றது என்று ஜெராட் நினைத்தார். இல்லையே. கார் இன்னும் உருண்டுகொண்டுதான் இருந்தது. குரங்கு போனது. கார் வேகம் பிடித்தது. அப்போது டேஷ்போர்டுக்குக் கீழே இருந்த காதில் தெளிவாக ஒன்று கேட்டது. ஒரு மூச்சு. ஆழமாக, மூக்கால் இழுத்த மூச்சு. அதன் பிறகு, "ஙொய்ய்ய்ய்ங்…"

கார் பெட்ரோல் குடிக்கும். எண்ணெய் குடிக்கும். மூச்சு எடுக்குமா?

ஜெராட் தலையை அசைக்காமல் கண்ணை மட்டும் மெல்ல மேலே திருப்பினார். மனைவியின் வாய் மூடித்தான் இருந்தது. உதட்டுச் சாயம் கூடக் கலையவில்லை. ஆனால் தொண்டை, குழுவில் மூன்றாம் வரிசைப் பெண்களுக்கு வாய் மூடிப் பாடச் சொல்லிக்கொடுக்கும் அந்தத் தொண்டை, புறாவின் தொண்டை மாதிரி துடித்துக்கொண்டிருந்தது. செவ்வாய்க்கிழமைச் சத்தம் வந்தது செவ்வாயில் இருந்துதான்!

"ரோஷ்!"

சத்தம் நின்றது. அவள் ஓரமாக நிறுத்தினாள். ஜெராட் டேஷ்போர்டுக்குக் கீழிருந்து தலையை வெளியே எடுத்தார்.

"நீயா?"

"நாந்தான்."

"இத்தனை நாளும்?"

"மேட்டுல மூச்சப் புடிச்சி வைக்கிறது லேசு இல்லைங்க. எனக்கும் தொண்டை வலிக்குது."

"ஏன் ரோஷ்? நான் பைத்தியம் புடிச்ச மாதிரித் திரிஞ்சேனே!"

"நான் மழையில நனைஞ்சி திரிஞ்சேனே." அவள் குரல் கோபமாக இல்லை. "கைறுன்னிஸா அக்கா ஒரு சனிக்கிழமை கூப்பிட்டுக் கேட்டாங்க. 'ஏன் ரொஷானி, ஒங்க வீட்டுக்காரர் எங்கட பாயில சாதிக்கா கொட்டிட்டுப் போறாரு, நேர்த்திக்கடனா?'ன்னு. களவெடுக்கிறப்போ யாரும் பார்க்கலைங்க. திருப்பி வைக்கிறப்போதான் பார்த்திருக்காங்க."

ஜெராட் வாயைத் திறந்தார். பிறகு, பின்வரிசையில் பழகிய மாதிரி, வாயை மட்டும் அசைத்தார்.

கோபம் வரும் என்று காத்திருந்தார். வரவில்லை.

"அப்ப… வண்டிக்கு ஒண்ணுமில்ல?"

"ஒண்ணுமில்ல."

"டிஃபரென்ஷல்?"

"முஸம்மில் நானாதான் அன்னைக்கே சொன்னாரே, சொக்கத் தங்கம்னு."

ஜெராட் சீட்டில் சாய்ந்தார். சிரித்தார். நிறுத்த முடியாமல் சிரித்தார். கண்ணில் தண்ணீர் வந்தது. முகூர்த்தங்கள் தப்பின. ஸ்டூடியோ தப்பியது. காது தப்பியது. கல்லை இறக்கி வைத்தது போல நெஞ்சு லேசாகிவிட்டது. ரொஷானியும் சிரித்துவிட்டாள். தோட்டத்துக் காற்று குளிர்ச்சியாக வீசியது. இந்தக் காற்றுகூட அவருக்கு இத்தனை நாள் தெரியவில்லை. தலை டேஷ்போர்டுக்குக் கீழே அல்லவா இருந்தது.

"நீயே ஓட்டு ரோஷ்," என்றார் பெருந்தன்மையோடு. "செவ்வாயும் வியாழனும் கார் உனக்கு. நான் வரல. வீட்டுல நிம்மதியாத் தூங்கப் போறேன். உண்மையாச் சொல்றேன், நீ என்னவிட நல்லாத்தான் ஓட்டுற."

"சும்மா சொல்லாதீங்க."

"சத்தியமா!"

மிச்ச வழி முழுவதும் எஞ்சினின் சத்தத்தை மட்டும் கேட்டுக்கொண்டு போனார்கள். அது எவ்வளவு அழகான சத்தம் என்று ஜெராட் அன்றுதான் கேட்டார்.

பாடசாலைக் கேட்டில் அதிபர் வின்சன்ட் நின்றுகொண்டிருந்தார். கார் நின்றதும் ஓட்டமாக வந்து ஜெராட்டின் பக்கக் கதவைத் திறந்தார். இரண்டு கையாலும் அவருடைய கையைப் பிடித்துக் குலுக்கினார்.

"வாங்க சேர், வாங்க! வண்டி ரிப்பேர் எல்லாம் சரியாகிருச்சிங்களா?"

"சரியாகிருச்சி சேர்," என்றாள் ரொஷானி. "இப்பதான் வர்ற வழியில."

"நல்லதுங்க, ரொம்ப நல்லது! டீச்சர் அன்னைக்கே சொல்லிட்டாங்க, வண்டி சரியான உடனே சேர் கிழமைக்கு ரெண்டு நாளும் வந்து நம்ம புள்ளைங்களுக்குப் படம் எடுக்கச் சொல்லிக் குடுப்பாருன்னு. இந்தக் காலத்துல இப்படிச் சும்மா வந்து சேவை செய்ய யாருங்க இருக்காங்க? வகுப்பெல்லாம் ஒதுக்கி வச்சிருக்கோம். புள்ளைங்க ஒவ்வொரு செவ்வாயும் வியாழனும் வழி பார்த்துக்கிட்டேதான் இருக்காங்க."

ஜெராட் மனைவியைப் பார்த்தார். அவள் கைப்பையைத் தோளில் போட்டுக்கொண்டு, சாவியை அதற்குள் போட்டு, பாட்டு அறைப் பக்கம் நடக்கத் தொடங்கியிருந்தாள்.

"சேர், இன்னைக்கு எனக்குக் கொஞ்சம்… ஒரு நாள் லீவு மாதிரி…" என்று அதிபரிடம் மெதுவாக இழுத்தார்.

வின்சன்ட் பணிவாகக் குனிந்து அவர் காதோடு சொன்னார்:

"அது எங்கிட்ட இல்லைங்க சேர். உங்க லீவெல்லாம் டீச்சர்கிட்டத்தான் கேக்கணுமாம்."